சர்க்கார் வேலையை விட்டு ஸ்டுடியோ வைத்தவர்: ராஜா தீன் தயாள் (1844–1905)



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, நம்முடைய தொழிலைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று தோன்றியது. இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போன பிறகு இலத்தூரில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பல வருஷம் பிழைத்தவன் நான். ஆனால் என் கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் நமக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் கதையைச் சொன்னால், படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படும். அவர் பெயர் லாலா தீன் தயாள். பின்னாளில் ராஜா தீன் தயாள்.

படிப்பும் உத்தியோகமும்

மீரட் பக்கம் சர்தானா என்கிற ஊரில் 1844ஆம் வருஷம் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தார். நகை வியாபாரக் குடும்பம். பையன் கடைக்கு வராமல் ரூர்க்கியில் இருந்த தாம்சன் சிவில் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் படிக்கப் போனார். இன்று ஐ.ஐ.டி. ரூர்க்கி என்று சொல்கிறோமே, அதுதான் அந்தக் கல்லூரி. ஆக, அவரும் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்தான். நம் மலரில் அவரைச் சேர்த்துக்கொள்ள அந்த ஒரு உறவு போதும்!

1866இல் படிப்பு முடிந்தது. இந்தூரில் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் வரைபடம் போடுவதும் எஸ்டிமேட் போடுவதுமான வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம், வயசானால் பென்ஷன். அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம்னா சும்மாவா? இந்தக் காலத்திலும் அப்படித்தானே, நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏறக்குறைய 1874இல் அவருக்குக் காமிரா மேல் ஆசை வந்தது. முப்பது வயது. குடும்பஸ்தர். கையில் நிரந்தர வேலை. ஆசைப்பட்டதும் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாரா? அதுதான் இல்லை. பகலில் அலுவலகம், கிடைத்த நேரத்தில் காமிரா என்று ஏறத்தாழ பத்து வருஷம் இரண்டையும் சேர்த்தே இழுத்தார்.

அந்தக் காலத்துப் படம்

இன்றைக்கு விரலால் தொட்டால் படம் விழுந்துவிடுகிறது. தீன் தயாள் தொடங்கிய காலத்தில் அது எவ்வளவு பெரிய பாடு என்று கொஞ்சம் சொல்கிறேன்.

அப்போது பிலிம் கிடையாது, கண்ணாடிதான். கொலோடியன் என்கிற பசை மாதிரியான திரவத்தைக் கண்ணாடி மேல் சீராக ஊற்ற வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். சில நிமிஷம் தாமதித்தால் எல்லாம் பாழ். அதனால் காமிரா எங்கே போகிறதோ அங்கே டார்க் ரூமும் கூடவே போக வேண்டும். கோட்டை மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டுமென்றால் கூடாரம், மருந்து பாட்டில்கள், தண்ணீர், கண்ணாடிப் பெட்டி எல்லாம் கோட்டை மேல் ஏற வேண்டும். பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் வசதியும் அப்போது சுலபமாக இல்லை. பெரிய படம் வேண்டுமா, பெரிய கண்ணாடி, அதற்கேற்ற பெரிய காமிரா. பிரிண்ட் போடுவதோ முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில், வெயிலில் வைத்து!

1880 வாக்கில் உலர்ந்த பிளேட்டுகள் கடைச்சரக்காக வரத் தொடங்கின. முன்கூட்டியே செய்து வைத்த பிளேட்டை எடுத்துப் போகலாம், படம் பிடித்து வந்து பிறகு சாவகாசமாகக் கழுவலாம். தொழில் பெருக இது பெரிய வசதி. தீன் தயாள் துணிந்து இறங்கியதும் ஏறக்குறைய இதே காலந்தான்.

வேலையை விட்ட விதம்

இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவருக்கு ஆதரவு தந்தார். மத்திய இந்தியாவில் கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இருந்த சர் ஹென்றி டேலியும் தட்டிக்கொடுத்தார். 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது படம் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. டேலிக்குப் பின் வந்த சர் லெப்பல் கிரிஃபின், தம்முடைய சுற்றுப்பயணத்தில் இவரைக் கூட்டிப் போனார். குவாலியர், கஜுராஹோ, சாஞ்சி, ஓர்ச்சா என்று பழைய கோட்டைகளையும் கோயில்களையும் எடுத்தார். அவற்றில் 86 படங்கள் 1886இல் மத்திய இந்தியாவின் நினைவுச் சின்னங்கள் பற்றிய நூலாக வெளிவந்தன.

அந்தப் படங்களில் ஒரு தூண் கூடச் சாய்ந்து நிற்காது. வரைபடம் போட்ட கை அல்லவா! கட்டடத்தை எந்த இடத்தில் நின்று பார்த்தால் அதன் முழு அளவும் தெரியும் என்பது அவருக்குப் பழக்கமான கணக்கு. கல்லூரியில் படித்தது ஒன்று, செய்த தொழில் வேறு என்று மேலுக்குத் தெரியும். படித்தது வீணாகவில்லை.

இந்த வேலைகள் பெருகியபோது கூட அவர் ராஜினாமா செய்யவில்லை. இரண்டு வருஷம் நீண்ட விடுப்பு எடுத்தார். விடுப்பில் இருந்துகொண்டே தொழிலைப் பரீட்சை செய்தார். காமிராவே சோறு போடும் என்று தெரிந்த பிறகுதான் 1880களின் நடுவில் உத்தியோகத்தை விட்டார். தம்பிகளே, இதைக் கவனியுங்கள். சொந்தத் தொழில் என்றால் குருட்டுத் துணிச்சல் என்று சில பேர் நினைக்கிறார்கள். இந்த மனுஷன் துணிச்சல்காரர்தான். ஆனால் ஆழம் பார்த்துவிட்டுக் காலை வைத்தவர்.

செகந்திராபாத் கடை

ஹைதராபாத்தில் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1884இல் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தீன் தயாள் அவருடைய அரசவைப் புகைப்படக்காரர் ஆனார். 1885இல் வைஸ்ராயின் புகைப்படக்காரர் என்ற நியமனமும் வந்தது. பிறகு விக்டோரியா மகாராணியின் நியமனமும் சேர்ந்தது. நிஜாம் கொடுத்த பட்டம் ராஜா பகதூர் முசாவ்விர் ஜங். அது முதல்தான் லாலா, ராஜா ஆனார்.

பட்டத்தை விட எனக்கு ஆச்சரியம் அவர் கடை போட்ட இடம்! 1886இல் அவர் செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்தார். செகந்திராபாத் என்பது ஆங்கிலேயப் பட்டாளம் தங்கியிருந்த கன்டோன்மென்ட். பக்கத்தில் நிஜாமின் அரண்மனையும் பிரபுக்களும், வாசலிலேயே பட்டாளத்து அதிகாரிகள். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஊருக்கு அனுப்ப ஆளுக்கொரு படம் வேண்டும். ரெஜிமெண்ட் குரூப் போட்டோ வேண்டும், விளையாட்டுக் கோஷ்டி போட்டோ வேண்டும்.

குரூப் போட்டோவின் லாபம் என்ன என்று ஸ்டுடியோக்காரனுக்குத்தான் தெரியும். தனி ஆளைப் படம் எடுத்தால் ஒரு நெகட்டிவ், மூணு பிரிண்ட், கதை முடிந்தது. பத்தாம் வகுப்பு குரூப் எடுத்தால் ஒரே நெகட்டிவ், நாற்பது பிரிண்ட். எங்களுக்கெல்லாம் வருஷக் கடைசிப் பள்ளிக்கூட குரூப்பும், ஹால் டிக்கெட் போட்டோவும்தான் கடை வாடகையைக் கட்டின. குற்றாலத்தில் சீசனுக்கு அருவிக்கரையில் படம் எடுத்தவர்களும் ஒரு வருஷச் சாப்பாட்டை இரண்டு மூன்று மாதத்தில் தேடியவர்கள்தான். வாடிக்கைக்காரர் வந்துபோகும் இடத்தில் கடை இருக்க வேண்டும் என்ற கணக்கு செகந்திராபாத்துக்கும் குற்றாலத்துக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று. அவருடைய நெகட்டிவ்களில் நம்பர் போட்டிருக்கும். ஒரு கோட்டையையோ அரண்மனையையோ ஒரு தடவை எடுத்து நம்பர் போட்டு வைத்துவிட்டால், யார் எப்போது கேட்டாலும் அந்த நம்பரை எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம். எடுத்த செலவு ஒரு முறை, வரவு பல வருஷம். அண்ணாச்சி, போன தை மாசம் எடுத்த படத்துக்கு இன்னும் ரெண்டு காப்பி வேணும் என்று ஆள் வந்து நிற்கும்போது, நெகட்டிவ் கவர் கையில் சிக்காமல் அலமாரியையே புரட்டும் ஸ்டுடியோக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் தொழில் நிற்கிறது, விழுகிறது.

பெண்களுக்கென்று ஒரு ஸ்டுடியோ

1892இல் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. ஹைதராபாத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் கோஷா முறையில் இருந்தவர்கள். அந்நிய ஆண் முன்னால் வர மாட்டார்கள், பிறகு படம் எடுப்பது எப்படி? நகரத்தில் பாதிப் பேர் வாடிக்கையாளராகவே ஆக முடியாத நிலைமை. தீன் தயாள் பெண்களுக்கு மட்டும் என்று தனி ஸ்டுடியோ திறந்தார். உயர்ந்த மதில், வெளியாள் எட்டிப் பார்க்க வழியில்லை. காமிரா பிடித்ததும் ஒரு பெண்தான். திருமதி கென்னி-லெவிக் என்ற ஐரோப்பியப் பெண்மணி அதை நடத்தினார்.

அந்தப் பெண்களின் வழக்கத்தை அவர் குறை சொல்லவில்லை, வெளியே வந்தால்தான் படம் என்று சட்டம் பேசவும் இல்லை. அவர்கள் கூச்சமில்லாமல் வந்து உட்கார ஒரு இடம் செய்து கொடுத்தார். அதனால் அவருக்கும் வருமானம், அவர்களுக்கும் தங்கள் முகம் காகிதத்தில் நிலைத்தது.

ஏற்றமும் இறக்கமும்

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் படங்களுக்குப் பரிசு கிடைத்தது. 1896இல் பம்பாயில் பெரிய ஸ்டுடியோ திறந்தார். இந்தூர், செகந்திராபாத், பம்பாய் என்று மூன்று ஊரில் கடை. மகன்கள் ஞான் சந்தும் தரம் சந்தும் தொழிலில் கூட நின்றார்கள். ராஜா தீன் தயாள் அண்டு சன்ஸ் என்பது பெயர்ப்பலகை. வேட்டை, விருந்து, ஊர்வலம், 1903 டெல்லி தர்பார் என்று ராஜாங்கக் காட்சிகளை எடுத்தார்கள். பஞ்ச நிவாரணப் பணிகளையும் எடுத்தார்கள். அரண்மனைச் சாப்பாட்டு மேஜையையும், கஞ்சிக்கு நின்ற ஜனத்தையும் ஒரே ஸ்டுடியோ காமிரா பார்த்தது. இன்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் தொழிலின் பெரிய தூண்கள் இரண்டு: அரசர்களின் ஆதரவு, தீன் தயாளின் சொந்தக் கைப்பெயர். இரண்டும் மனித ஆயுளுக்குக் கட்டுப்பட்டவை. 1904இல் மகன் தரம் சந்த் காலமானார். மறு வருஷம், 1905 ஜூலையில், தீன் தயாளும் பம்பாயில் காலமானார். வயது 61. ஞான் சந்த் தொழிலைத் தொடர்ந்தார். ஆனால் 1911இல் நிஜாம் மஹபூப் அலி கானும் போய்விட்டார். பழைய செல்வாக்கு திரும்பி வரவில்லை.

அதற்குள் உலகமும் மாறியிருந்தது. 1888இலேயே அமெரிக்காவில் கோடாக் காமிரா வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்ற காலம் அன்றைக்கே பிறந்துவிட்டது. அந்தக் கோடாக் கம்பெனியே டிஜிட்டல் வந்ததும் தாக்குப்பிடிக்க முடியாமல் 2012இல் திவால் மனு கொடுத்தது. தென்காசியிலும் செங்கோட்டையிலும் ஸ்டுடியோ போர்டுகள் ஒவ்வொன்றாக இறங்கியதைப் பார்த்த நமக்கு இது புதிசில்லை. ரீல் போட்டுப் படம் எடுத்தவர்களில், கல்யாண ஆல்பம், வீடியோ, கம்ப்யூட்டர் டிசைன் என்று காலத்தோடு கையை மாற்றிக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். மற்றவர்கள் கடையைப் பூட்டினார்கள். ஈர பிளேட்டிலிருந்து உலர்ந்த பிளேட்டுக்கு மாறத் தெரிந்தவருக்குத்தான் தீன் தயாளின் உயரம் கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மிஞ்சியது

பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் பல, மருந்தைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாக விலைபோயின. தீன் தயாள் ஸ்டுடியோவின் 2,857 கண்ணாடி நெகட்டிவ்கள் அந்தக் கதியிலிருந்து தப்பின. 1989இல் டெல்லியில் இருக்கும் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவற்றை வாங்கிப் பாதுகாத்தது. 2006இல் இந்தியத் தபால் துறை அவருக்கு ஸ்டாம்பு வெளியிட்டது. நம்பர் போட்டு ஒழுங்காக வைத்ததன் பலன், நூறு வருஷம் கழித்தும் எந்தப் படம் எங்கே எடுத்தது என்று சொல்ல முடிகிறது.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கையில் ஒரு தொழிலும் பழகி வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் சில வருஷம் இழுத்துப் பாருங்கள். எது உங்களுக்குச் சோறு போடும், எது மனசுக்குத் திருப்தி தரும் என்று அதற்குள் தெரிந்துவிடும். தீன் தயாளுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. உங்களுக்கு மூன்று வருஷம் ஆகட்டுமே!

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் நம் கல்லூரி குரூப் போட்டோ ஒன்றாவது இருக்கும். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். அதன் பின்பக்கம் பென்சிலால் வருஷம், வரிசை, பெயர் எல்லாம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் இறங்கிவிடும். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறோம். நாம் இருக்கும்போதே எழுதிவைத்துவிடுவோம்.

அன்புடன்,
இலத்தூரிலிருந்து ஒரு பழைய மாணவன்