டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

மக்கள் தொண்டே மகேசன் தொண்டு என்பர் ஆன்றோர். அத்தொண்டையே தம் வாழ்வாகக் கொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்தார். ஆண்கள் பயிலும் கல்லூரியில் ஒரு பெண் கால்வைப்பதா எனப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர், மன்னரோ இடமளித்தார். பின்னர்ச் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1912இற் பட்டம் பெற்றார்.

1926இற் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அதன் உபதலைவராகவும் தெரிவானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947இற் சட்டமாக நிறைவெய்தியது. கோயிலின் பெயரால் நிகழ்ந்த அவ்வநீதியை எதிர்த்தவர் ஓர் இந்துப் பெண்மணியே என்பதை நாம் மறத்தலாகாது.

சகோதரி புற்றுநோயால் மாண்டமை அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. அந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டுமெனப் பல்லாண்டு உழைத்தார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 67. மறு ஆண்டு அங்கு பணியிற் சேர்ந்த டாக்டர் சாந்தா பிற்காலத்தில் அதன் தலைமையை ஏற்றார். அம்மையார் 1968இற் காலமானார்.

உலகச் சுகாதாரப் பணியாளருள் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். உயர் பதவிகளிலோ 25 பேரே என 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. நோயாளியின் கட்டிலருகே பெண் வேண்டும், தலைமை ஆசனத்தில் வேண்டாம் என்பது என்ன நியாயம்? நம் சகோதரிகள் கற்பதற்கு மட்டுமன்றித் தலைமை தாங்குதற்கும் வழிவிடுதலே அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.