கான் சாகிப்: மதுரையின் 1764 முற்றுகை மண்ணில் விட்டுச்சென்றது என்ன?

மதுரையின் வெளி வீதிகள் இருக்கிற இடத்தில்தான் ஒருகாலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. அந்தக் கோட்டையை வைத்துக் கம்பெனிப் படையைத் திணறடித்தவர் கான் சாகிப் என்கிற யூசுப் கான்.

யார் இவர்?

1725 வாக்கில் ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்தவர். இயற்பெயர் மருதநாயகம், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். கம்பெனிச் சிப்பாய்களின் கமாண்டன்ட்டாக உயர்ந்தார். 1758-59ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்து அவர் படையை விடாமல் தாக்கினார். 1759ல் மதுரைச் சீமை நிர்வாகம் கைக்கு வந்தது. கண்மாய்களைச் சீரமைத்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியமும் திரும்பக் கிடைத்தது.

ஏன் மோதல்?

வரிப்பணத்தை ஆற்காடு நவாப் முகமது அலி வழியாகத்தான் கட்டணும் என்றது கம்பெனி. கான் சாகிப் மறுத்தார். 1763ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். முதல் முற்றுகையை மழைக்காலம் முறித்தது. 1764 ஜூனில் நடந்த நேரடித் தாக்குதலும் தோற்றது. அதன்பிறகு கோட்டைக்குள் உணவு போகும் வழியெல்லாம் அடைபட்டது. பசி வாட்டியது. கடைசியில் கூட இருந்தவங்களே பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15ல் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது.

போர்க்களம் ஊரானது எப்படி?

1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் ஒரு யோசனை செய்தார்: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் இலவசம். மக்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும்.

இன்றைக்கு இது நடக்குமா?

அன்றைய போர் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிகிற சுவரும் பள்ளமும். கண்ணிவெடி அப்படி இல்லை. பல ஆண்டு கழித்தும் கால் பட்டால் வெடிக்கும். இலங்கையில் 2009ல் போர் முடிந்தது. ஆனா போர்முனையாக இருந்த முகமாலை போன்ற இடங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பணியாளர்கள் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடிகளை எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை சொந்த நிலத்தில் யாரும் ஏர் பூட்ட முடியாது.

கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ல் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.