நன்றியில் கிடைக்கும் நிம்மதி

நம்ம கொடைக்கானல் மலையில் 1960-ல் கண்மூடியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பஞ்சத்தைப் பார்த்ததால் இந்த நாட்டில் வாழவே அவருக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்தார்.

1890-ல் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான தந்தை இருந்தும், ஆண் என்பதால் வேண்டாமென்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு அவரை மாற்றியது. 1899-ல் டாக்டர் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கை மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் சி.எம்.சி. ஆக வளர்ந்தது.

தனக்குக் கிடைத்த படிப்பைப் பிறருக்குக் கொடுப்பதுதான் கர்த்தருக்குச் செய்யும் நன்றி என்பதை இவர் வாழ்க்கையில் கண்டேன்.

அட்டுவம்பட்டியில் எங்க வீட்டில் முதலில் படிப்பவன் நான். கேரட் காட்டில் கூலிக்குப் போகும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டிருக்கேன். அப்போதெல்லாம் மனசுல நிம்மதியே இல்லை. இப்போ தலைநிமிர்ந்து சொல்றேன், மனசு லேசாயிடுச்சு. நன்றி மறவாமல் வாழ்வோம் நண்பர்களே!