வராககிரி கண்ட மருத்துவர் வைட்

நம் ஆலய வாசலில் நின்று வடக்கே நோக்கினால் நீல நிறமாய் எழுந்து நிற்பது பழனி மலைத்தொடர். பெரியகுளம் வழியாக ஓடி வைகையில் கலக்கும் வராக நதிக்குத் தாய்வீடு அதுவே. அந்த மலைக்கு வராககிரி என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. நாள்தோறும் நாம் பார்த்தும் பாராமலும் போகிற அம்மலைக்கு 1836ஆம் ஆண்டில் ஏறிச் சென்று, அதன் செடிகொடிகளை ஆராய்ந்து எழுதிய ஒருவரை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தான் டாக்டர் ராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்து நாட்டில் 1796ஆம் ஆண்டு பிறந்த அவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அக்காலத்தில் மருந்துகளில் பெரும்பகுதி செடிகொடிகளிலிருந்தே கிடைத்தமையால், மருத்துவம் படித்தவர் தாவர இயலும் கற்றிருந்தனர். பட்டாளத்து வைத்தியராகப் பணியாற்றிக்கொண்டே வைட் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். உள்ளூர் ஆட்களைத் தம் சொந்தச் செலவில் அமர்த்தி, காடு மேடெல்லாம் அனுப்பினார்.

அவருடைய ஆர்வத்தைக் கண்ட அரசு, 1826இல் இயற்கை ஆய்வாளர் பதவியை அவருக்கு அளித்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. மீண்டும் பட்டாளத்து வைத்தியராக நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். வேறொருவராயிருந்தால் மனம் ஒடிந்து, அத்தோடு செடிகளை மறந்திருப்பார். வைட்டோ நாகப்பட்டினத்திலிருந்தே தாவர இயல் பேராசிரியர் ஹூக்கருக்குக் கடிதங்களும் செடிகளும் படங்களும் அனுப்பிவந்தார். 1831இல் விடுப்பில் தாய்நாடு சென்றபோது, பெட்டி பெட்டியாக உலர்ந்த செடிகளைக் கொண்டு சென்றார். நண்பர் வாக்கர் ஆர்னட்டோடு சேர்ந்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய முக்கிய நூலொன்றை 1834இல் வெளியிட்டார்.

அவர் நம் மலைக்கு வந்தபோது கொடைக்கானல் என்ற நகரம் கிடையாது. அமெரிக்க மிஷனரிமார் அங்கு வீடு கட்டியது 1845இல்தான். 1834இல் மதுரை சப்-கலெக்டரும் நீதிபதியும் தேவதானப்பட்டியிலிருந்து மலையேறி, அடுக்கம் கணவாயின் உச்சியில் சிறு பங்களா ஒன்று கட்டியிருந்தனர். மோட்டார் சாலை பற்றிக் கனவும் காணாத காலம் அது. வைட் தாம் கண்டவற்றைக் கட்டுரையாக எழுதி, 1837இல் சென்னையில் வெளிவந்த அறிவியல் ஏட்டில் அச்சிட்டார். பழனி மலையின் செடிகளைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று.

1838 முதல் 1853 வரை, ஆறு தொகுதிகளில் 2101 படங்கள் கொண்ட மாபெரும் நூலை வெளியிட்டார். கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பொறுப்பும் 1842 முதல் அவர் தோள்மேல் விழுந்தது. பருத்தி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. படங்களோ அழியாமல் நின்றன. 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றவர், தம் செடித் தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, 1872இல் காலமானார்.

புதிய செடிக்குப் பெயரிடும்போது, அத்துறையில் உழைத்தவரின் பெயரை இலத்தீன் உருவில் சேர்ப்பது அறிஞர் வழக்கம். இமயமலையில் வளரும் ஒரு மரப்பேரினத்துக்கு வாலிக் என்னும் அறிஞர் வைட்டியா எனப் பெயர் சூட்டினார். நம் மலைச் சோலைகளில் வளரும் ஐலெக்ஸ் வைட்டியானா, லிட்சியா வைட்டியானா என்ற மரங்களும் அவர் பெயரையே தாங்குகின்றன. நாட்டு மருந்துக் கடையில் குக்குலு என்று வாங்குகிறோமே, அந்தப் பிசினைத் தரும் மரத்துக்கும் வைட்டின் பெயரைச் சூட்டியவர் நண்பர் ஆர்னட்தான். பிசினுக்காக அளவு மீறிக் கீறிக் கீறி, இன்று அம்மரம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே நாம் மற்றொன்றையும் எண்ண வேண்டும். வைட்டின் நூல்களை அழகு செய்த படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள். செடி வாடுமுன் அதன் இலையையும் இதழையும் மகரந்தத் தண்டையும் பிசகாமல் தீட்டிய கைகள் அவை. கோவிந்துவின் உழைப்பை மதித்து, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயியா என்று வைட் பெயர் சூட்டினார். துரைமார் காலத்தில் இது எளிய செயல் அன்று. ஆனால் அச்செடி வேறொரு பேரினத்தில் அடங்கும் எனப் பின்னர் முடிவானதால், அப்பெயர் வழக்கொழிந்தது. மலைப்பாதையில் சுமை தூக்கியவர், காட்டு வழி காட்டியவர், செடி பறித்து வந்தவர் ஆகியோரின் பெயரோ எந்தச் செடியிலும் இல்லை.

நம் ஆலயத்தின் கல்வெட்டிலும் சில பெயர்களே உள்ளன. கல் சுமந்தவர், மண் குழைத்தவர், தண்ணீர் இறைத்த தாய்மார் ஆகியோரின் பெயர்கள் அங்கே இல்லை. இறைவன் அவர்களை அறிவார். நாமும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அப்பெயர்களை இந்த யூபிலி ஆண்டிலேயே எழுதி வைப்போமாக.

வைட் தொடங்கிய பணி அவரோடு நின்றுவிடவில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் தாவரக் காப்பகத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ, பழனி மலைத் தாவரங்களை முழுமையாக ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டார். 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

வயல்வெளி மலர்களை உற்றுநோக்கும்படி நம் ஆண்டவர் பணித்திருக்கிறார். அடுத்த முறை கொடைக்கானல் செல்லும்போது, வழியோரச் சோலையில் சற்றே இறங்கி நிற்போம். ஒரு செடியையேனும் பெயரறிந்து பார்ப்போம். பறிக்காமல் திரும்புவோம்.