சுப்பராம தீட்சிதர்

சுப்பராம தீட்சிதர் (1839 - 1906) எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய கருநாடக இசை அறிஞரும் வாக்கேயக்காரரும் ஆவார். மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் இசைப்படைப்புகளைச் சுரக்குறிப்புடன் அச்சேற்றிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி (1904) இவரது தலையாய பணியாகும். அதிகம் அறியப்படாத சில நாட்டிய உருப்படிகளும் இந்நூலால் காக்கப்பட்டன.

பிறப்பும் கல்வியும்

இவர் திருவாரூரில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியன். இவருடைய தாயார் அன்னபூரணி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள் ஆவார். ஆண்மக்கள் இல்லாத பாலுசுவாமி, தம் பேரனையே சுவீகாரம் எடுத்து எட்டயபுரத்தில் வளர்த்தார். பாலுசுவாமி, மேலைநாட்டு வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படுபவர்.

விளாத்திகுளம், குளத்தூர், கோவில்பட்டி எனக் கரிசல் நிலம் பரந்த இவ்வட்டாரத்தில் எட்டயபுரம் அரண்மனை இசைக்கும் புலமைக்கும் புகலிடமாக இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் மறைந்ததும் இவ்வூரிலேயே. சுப்பராமர் பாட்டனாரிடம் இசையும் வீணையும், விளாத்திகுளம் கிருஷ்ணமாச்சாரியாரிடம் தெலுங்கும் வடமொழியும் பயின்றார்.

அரசவையில்

தமது பதினேழாம் வயதில் தர்பார் இராகத்தில் வர்ணம் ஒன்றை இயற்றினார். அது இவ்விளைஞரின் படைப்புத்தானா என ஐயுற்ற மன்னர், யமுனா இராகத்தில் ஜதிஸ்வரம் ஒன்று இயற்றுமாறு பணித்தார். அச்சோதனையில் வென்ற இவர், பத்தொன்பதாம் வயதில் ஆஸ்தான வித்துவானானார். ஜதிஸ்வரம் சாகித்தியம் இன்றிச் சுரக்கோவைகளால் அமைந்த நாட்டிய உருப்படி ஆகும்.

நூல் உருவான வரலாறு

குடும்பச் சொத்தாக இருந்த சுவடிகளை வெளியிட இவர் தொடக்கத்தில் உடன்படவில்லை. சென்னை அரசுப் பணியில் இருந்த ஆ. மா. சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவ அறிஞர், கருநாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பிக்கும் முயற்சியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் இழந்தவர். இப்பாடல்கள் எழுதப்படாமல் அழிந்துவிடும் என அஞ்சிய அவர், எட்டயபுரம் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் கேட்டுக்கொண்ட பின்னரே, அறுபது வயதளவில் தீட்சிதர் நூலை எழுதத் தொடங்கினார்.

நூல் தெலுங்கு எழுத்தில் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சிடப்பட்டது. சுரங்களுடன் கமகங்களுக்கும் தனிக் குறியீடுகள் தரப்பட்டிருப்பது இதன் சிறப்பு. வேங்கடமகி மரபின் 72 இராகாங்க இராகங்கள் வரிசையில் இலக்கணமும், கீதம், கிருதி, வர்ணம் ஆகியனவும் அமைந்துள்ளன. முத்துசுவாமி தீட்சிதரின் 229 உருப்படிகள் இதில் இடம்பெறுகின்றன.

நாட்டிய உருப்படிகள்

முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளுக்காகவே அறியப்படுபவர். எனினும் தோடி இராகம், ஆதி தாளத்தில் அமைந்த ரூபமு ஜூசி என்னும் சௌக வர்ணமும், ஸ்ரீரஞ்சனி இராகத் தரு ஒன்றும் அவர் பெயரில் இந்நூலில் உள்ளன. இவ்விரண்டும் தெலுங்கு மொழியில் அமைந்தவை. திருவாரூர் நாட்டியக் கலைஞர் கமலம் என்பவருக்காக இவை இயற்றப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. தஞ்சை நால்வரும் அவருடைய மாணாக்கர்களே.

சௌக வர்ணத்தில் நடை மெதுவாக இருக்கும். சுரப்பகுதிகளுக்கும் சாகித்தியம் உண்டு. ஆகவே ஆடுபவர் சுரத்துக்கு அடவும், சொல்லுக்கு அபிநயமும் செய்ய இடம் கிடைக்கிறது. இத்தகைய உருப்படிகள் ஆசான் பாட, மாணாக்கர் கேட்டுப் பயிலும் முறையிலேயே நிலைத்தவை. பாடும் பரம்பரை அற்றுப்போனால் இசையும் மறையும். அந்நிலையைச் சுரக்குறிப்பு மாற்றியது.

மறைவும் தாக்கமும்

நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1906 இல் இவர் காலமானார். எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் இவரது மறைவுக்கு இரங்கற்பா பாடினார். இவருடைய மகன் அம்பி தீட்சிதர் சென்னையில் குடியேறி, டி. எல். வெங்கடராம ஐயர் முதலியோருக்குப் பாடல்களைக் கற்பித்தார். சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் இந்நூலைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாக வெளியிட்டது. முத்துசுவாமி தீட்சிதர் படைப்புகளின் பாடபேதங்களை ஆராய்வோர்க்கு இதுவே முதன்மைச் சான்றாக உள்ளது.