விபுலாநந்த அடிகளாரும் காரைதீவுக் கண்ணகையம்மனும்

ஈழத்தின் கிழக்குக் கரையிலே, ஒருபால் கடலும் மறுபால் வயலுமாகக் கிடக்கும் காரைதீவிற் சாமித்தம்பி, கண்ணம்மை ஆகியோரின் மைந்தராக 1892ஆம் ஆண்டிற் பிறந்தவர் மயில்வாகனன். விபுலாநந்த அடிகளென யாவரும் போற்றியவர் இவரே. அவ்வூரிற் கண்ணகையம்மன் கோயில் உண்டு. வைகாசியிற் குளிர்த்திச் சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்படும். சிலம்பை உடைத்து நீதி கேட்டவள் அவ்வூராருக்கு ஏட்டிற் காணும் பாத்திரம் அல்லள். மழை பொய்த்தாலும் அம்மை நோய் கண்டாலும் முறையிடுதற்குரிய தாய்.

இதனை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. யானும் மிஷன் பாடசாலையிற் படித்தவன். சிலப்பதிகாரத்தைப் பரீட்சைப் பாடமாகவே அறிந்தவன். ஒரு வைகாசியிற் குளிர்த்திக்கு வரும்படி அம்மம்மா அழைத்தபோது, சிலப்பதிகாரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று மறுத்துவிட்டேன்! அதிலுள்ள நகைப்பு அன்று எனக்கு விளங்கவில்லை.

மயில்வாகனனாரும் மட்டக்களப்பில் மெதடிஸ்த கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றவரே. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் இலங்கையரில் முதல்வராகத் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டார். அண்ணாமலையிலும், 1943 முதல் இலங்கையிலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பதவிகள் இவ்வளவில் நிற்க.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழைப்பற்றிய சில அடிகள் உள. அடிகளார் காலத்தில் யாழ் வழக்கொழிந்து போயிருந்தது. உரைகள் இருந்தன, ஓசை இல்லை. பொருளெழுதிப் புள்ளி பெறுவதோடு நம்மவர் அமைந்துவிடுவோம். அடிகளாரோ, மறைந்த அக்கருவி எவ்வாறு ஒலித்திருக்கும் என்று வினவினார். நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணித நெறியால் ஆராய்ந்தார். பௌதிகம் படித்த அறிவு பழந்தமிழிசைக்குத் துணையாயிற்று. மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் எழும் மீனிசையையும் அவர் செவி விடவில்லை. தோணிக்காரர் துடுப்பைக் காதோடு சேர்த்துக் கேட்டுவந்த அவ்வொலியை நீரரமகளிரின் பாடலாகக் கற்பித்துச் செய்யுள் யாத்தார். நாடோறும் வாவியைக் கடந்து பள்ளி சென்ற எம்மில் எத்தனை பேர் ஒருமுறையேனும் நின்று கேட்டோம்?

பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அவர் ஆராய்ச்சியின்படி செய்யப்பெற்ற யாழ்கள் அங்கே மீண்டும் ஒலித்தன. உடல் நலிந்திருந்த அடிகளார் அதனைக் கண்டபின், அடுத்த திங்கள் 19ஆந் திகதி கொழும்பில் மறைந்தார். அவர் அமைத்த கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிலே அவருடைய சமாதி உள்ளது.

சென்ற வைகாசியில் அம்மம்மாவோடு குளிர்த்திக்குச் சென்றேன். வழக்குரை படிப்பவர் சிலம்புடைத்த இடத்தை அடைந்தார். எழுத்தறியாத அம்மம்மா அடுத்த வரியை அவருக்கு முன்னரே வாய்க்குள் முணுமுணுத்து, முந்தானையாற் கண்ணைத் துடைத்தார். அவ்விடத்துக்கு நான் பரீட்சையில் இரண்டு பக்கம் விடை எழுதியிருக்கிறேன்.