வீரமாமுனிவர் விளைத்த நகை

வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராக அறிந்தோர் ஒரு சாரார். சதுரகராதி தந்தவராகப் போற்றுவோர் மற்றொரு சாரார். பரமார்த்த குருவையும் அவர்தம் சீடர் ஐவரையும் அறிந்தோரோ எண்ணிலர். ஆயினும் அக்கதையை ஆக்கியவர் இம்முனிவரே என்பதை அவர்களுள் பலர் அறியார். பாட்டி சொன்ன கதை என்றே கொள்வர். பல மொழியினர் கூடி வாழும் நம் நெய்வேலி நகரியத்தில் இக்கதையை வகுப்பில் சொல்லத் தொடங்கினால், தெலுங்கு வீட்டுப் பெண்ணொருத்தி தன் வீட்டிலும் இது வழங்குகிறதென்று கூறி முடிவை முந்திச் சொல்லிவிடுகிறாள். நாட்டுக்கு நாடு மக்கள் எதற்குச் சிரிக்கின்றனர் என்னும் ஆய்வு இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையினர் நம் முனிவரின் வாழ்வை ஊன்றி நோக்குதல் தகும்.

இத்தாலியில் மாந்துவாவைச் சார்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-இல் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் புகுந்தார். முப்பதாம் அகவையில் தமிழ் நெடுங்கணக்கைத் தொட்டவர், 1726-இல் 3615 பாடல்களால் காப்பியம் முடித்தார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது. 1730-இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் தோன்றின. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் பிரித்துக் காட்டியதும் அவர் பணியே. ஏலாக்குறிச்சியில் நெடுநாள் உறைந்தார். நமக்கு அணித்தாக, விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்துப் பெரியநாயகி அன்னை ஆலயம் அவர் எழுப்பியதாகவே வழங்கி வருகிறது.

பேச்சுத்தமிழ் பயில வந்த ஐரோப்பியப் பாதிரிமார்க்கென எழுதிய பயிற்சிக் கதையே பரமார்த்த குரு கதை. இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவரே செய்தார். பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1822-இல் தமிழ் மூலத்தையும் ஆங்கில ஆக்கத்தையும் இலண்டனில் அச்சேற்றினார். 1888-இல் கிளவுஸ்டன் என்னும் அறிஞர் பல நாட்டு மூடர் கதைகளைத் தொகுத்தபோது நம் குருவுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவரும் தம்மை விட்டு எண்ணி, ஒருவர் மாண்டாரென அழும் கதை, இங்கிலாந்தில் கோதம் என்னும் ஊராரின் பெயரால் பதினாறாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பூசணிக்காயைக் குதிரை முட்டையென வாங்கும் கதையோ ஐரோப்பாவில் கழுதை முட்டையாக உலவுகிறது. உலகக் கதைகளை வகைப்படுத்திய ஆர்னே, தாம்சன் அட்டவணையில் முன்னது 1287, பின்னது 1319 எனும் எண் பெற்றன. முனிவர் அங்கிருந்து கொணர்ந்தாரா, இங்கே கேட்டு எழுதினாரா என்னும் வழக்கு எளிதில் தீராது. இரண்டும் கலந்திருத்தல் கூடும் என்பதே என் துணிபு.

தொல்காப்பியம் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறும். பேதைமை அறிவின்மை என்றும், மடன் பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்றும் பேராசிரியர் பகுத்துரைப்பார். குதிரை மேலிருந்து விழும் பொருள்களுள் எவற்றை எடுக்கவேண்டும் என ஓலையில் எழுதி வாங்கிய சீடர், குருவே விழுந்தபோது ஓலையில் அவர் பெயர் இல்லையென வாளா நின்றனரே, அதனினும் மடனுக்குச் சான்று வேண்டுமா? மனிதன் பொறிபோல் இயங்குமிடத்தே நகை தோன்றும் என்று பிரெஞ்சு அறிஞர் பெர்க்சன் 1900-இல் எழுதியதும் ஏறக்குறைய இதனையே.

இந்நாட்டுத் துறவியரையும் மடங்களையும் இழித்துரைக்கவே முனிவர் இதனை எழுதினார் என்னும் குற்றச்சாட்டு உண்டு. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. முதற்கண் படித்தவர் சமயம் பரப்ப வந்த அயலார்; படித்துச் சிரித்தபோது நம்மவரையே கண்முன் கொண்டிருப்பர். முனிவர்க்குச் சினந்து எழுதவும் தெரியும். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து 1728-இல் அவர் எழுதிய வேத விளக்கம் சொற்போர் நூலே. அங்கே நிற்பது எள்ளல். குரு கதையில் அந்தச் சுடுமொழி இல்லை.

சீடர்களின் பெயர்களைப் பாருங்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். தொல்காப்பியர் கூறிய மடனும் பேதைமையும் ஆள்வடிவு பெற்று நடப்பது ஒருபுறமிருக்க, மிலேச்சன் என்பவன் ஏன் இவர்களிடையே வந்தான்? அயல்நாட்டாரை இகழ்ந்து இந்நாட்டார் வழங்கிய சொல் அது. முனிவர் காதிலும் விழுந்திருக்கும். மேலும், காவியுடுத்துச் சீடர் சூழப் பல்லக்கில் செல்பவராகவே அவரைப் பழைய வரலாற்றாசிரியர் தீட்டியுள்ளனர். அத்தகையவர், ஊர்தியாகக் குதிரை தேடி அல்லலுறும் ஒரு குருவைப் படைக்கிறார். அயலான் என்னும் பெயருடையவனை மூடர் வரிசையில் நிறுத்துகிறார். தம்மையும் சேர்த்தே சிரித்தார் என்று நான் கொள்கிறேன். இதனை மறுப்போர் உளர், மறுக்கட்டும். எண்ணும்போது தம்மை விட்டுவிட்ட சீடர் கதையை எழுதியவர், தம்மை விடாமல் எண்ணியிருப்பார் என நம்புவதில் எனக்குத் தடையில்லை.

இறுதிக் காலத்தில் சேரநாட்டு அம்பலக்காட்டை அடைந்து, 1747 பிப்ரவரி 4-இல் மறைந்தார். 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது கடற்கரையில் அவர்க்குச் சிலை எடுத்தனர்.